விளக்கு வைக்கிற நேரத்து மருமகள்

அத்தியாயம் 11

சேலை வாங்கியாகிவிட்டது. இனி யார் என்ன சொன்னாலும் தங்கம்மா கேட்கமாட்டாள் என்பது போன வாரமே நமக்குத் தெரிந்துபோனது. றக்வான கடைவீதியில் அப்துல் ரஸாக் முதலாளியின் புடவைக் கடையில் அரை நாள் உட்கார்ந்து, அடுக்கில் இருந்ததையெல்லாம் இறக்க வைத்து, கடைசியில் முதலில் எடுத்துப் போட்ட மாம்பழ மஞ்சளையே வாங்கிக்கொண்டு வந்தாளே, அந்தச் சேலை.

"யாருக்கு தங்கம்மா, மகளுக்கா?" என்று முதலாளி கேட்டார்.

"மருமகளுக்கு" என்று சொன்னபோது அவளுக்கு வாயெல்லாம் பல்.

மருமகளை அவள் பார்த்ததில்லை. அது ஒன்றுதான் குறை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. தங்கம்மா றக்வானவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறாள். ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்த கணவர் ராமச்சந்திரன் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம். மகள் சுதர்ஷினி கலவானவில் வாழ்க்கைப்பட்டவள். மகன் சுமன் கொழும்பில், வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு வெளிநாட்டுக் கடைகளுக்கு இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கிறான். வேலை தலைக்கு மேல் போனதும் இணையத்திலேயே ஆள் பிடிக்க ஆரம்பித்தான். படம் வரைய மணிலாவில் ஒருவர், எழுத மதுரையில் ஒருவர், இன்னும் எங்கெங்கோ யார் யாரோ. ஒருவர் முகத்தையும் அவன் கண்டதில்லை. வேலை வரும், கூலி போகும்.

"எம்மகன் கொம்பியூட்டர்ல கங்காணி" என்று தங்கம்மா லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அதைவிடச் சரியாக யாராலும் சொல்லவும் முடியாது.

அது 2008ஆம் ஆண்டு. கொழும்பில் எங்காவது பஸ்ஸில் குண்டு வெடித்தது என்று டீவியில் சொல்லிவிட்டால் போதும், தங்கம்மா மகனுக்குப் போன் மேல் போன் போடுவாள். அவன் வேலையில் இருப்பான், எடுக்கமாட்டான். இவள் அழுது பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவையும் அழ வைப்பாள்.

அப்படி அழுத ஒரு நாளைக்குப் பிறகுதான் ஷாமிளா வந்தாள். வந்தாள் என்றால் போனில் வந்தாள். விளக்கு வைக்கிற நேரம் போன் அடித்தது. "அம்மா, நான் ஷாமிளா பேசுறேன். சுமன் நல்லா இருக்காரு, கொஞ்சம் வேலையா இருக்காரு. நீங்க சாப்டீங்களா? சீனி வருத்தத்துக்கு மாத்திரை போட்டீங்களா?" என்றது ஒரு பெண்குரல். மறுநாளும் அதே நேரம், அதே குரல். அதற்கு மறுநாளும்.

இந்தப் பக்கத்துச் சனத்துக்கு ஒரு கணக்கு உண்டு. வயதுப் பெண் ஒருத்தி உன் மகனின் பேரைச் சொல்லிக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்தில், நாள் தவறாமல் உன் சாப்பாட்டையும் சர்க்கரை நோய் மாத்திரையையும் விசாரித்தால் அவள் வேறு யாராக இருக்க முடியும்? இதையெல்லாம் கூலிக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்று தங்கம்மா கனவா கண்டாள்?

"அம்மான்னு கூப்புடாத கண்ணு, மாமின்னு கூப்புடு" என்றாள் ஒரு நாள்.

"சரிங்க மாமி" என்றது குரல்.

தங்கம்மாவைப் பொறுத்தவரை பாதிக் கல்யாணம் அன்றைக்கே முடிந்துவிட்டது.

*

இன்று கங்காணியின் முதல் தெவசம். கொள்ளி வைத்த மகன் வந்துதான் படைக்க வேண்டும். சுதர்ஷினி முந்தின நாளே வந்துவிட்டாள். காம்பரா, அந்தச் சின்ன லயத்து அறை முழுக்க மசாலா வாசனை. இஸ்தோப்பில், வாசல் திண்ணையில் உட்கார்ந்து பக்கத்துக் காம்பரா வெள்ளையம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு கறுப்பா செவப்பா தங்கம்மா?"

"கொரலு செவப்பு."

"கொரலப் பாத்து பொண்ணெடுத்த மொத ஆளு நீதான்" என்று வெள்ளையம்மா சிரித்தாள்.

சுதர்ஷினிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்படியில் அம்மாவின் காதருகே குனிந்தாள். "அம்மா, அந்தப் புள்ளயக் கூட்டிக்கிட்டு வர்றேன்னு அண்ணன் வாயால சொன்னானா?"

"இத வேற சொல்லணுமா? மாமனாரோட மொத தெவசம். வராமலா இருப்பா?"

"அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். பாக்கலாம் மாமின்னா. வெக்கம்."

சுதர்ஷினி தன் மாமியாரோடு போனில் ஒரு வார்த்தை பேசவே வாரக் கணக்காகும். நாள் தவறாமல் பேசுகிற மருமகளை அவள் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

சாமி மூலையில் வாழையிலை விரித்துக் கங்காணிக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். ரொட்டி, மாசிச் சம்பல், கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை, சின்னப் போத்தலில் சாராயம். புது வேட்டிக்குப் பக்கத்தில் தங்கம்மா மாம்பழ மஞ்சள் சேலையையும் வைத்தாள்.

"அம்மா, படையல்ல வக்காதீங்க" என்று சுதர்ஷினி பதறினாள். "வச்சா வீட்டு ஆளுதான் கட்டணும். வெளிய குடுக்க ஏலாது."

"வீட்டு ஆளுக்குத்தானே வக்கிறேன். நீ போயி அப்பளத்தப் பொரி."

*

பஸ்ஸிலிருந்து இறங்கி மேடேறிய சுமன், தோளில் கம்பியூட்டர் பையும் இரண்டு கையிலும் இரண்டு போனுமாக வந்தான். "ஹரி சார், ஹெட்ட தென்னம்" என்று ஒன்றில் யாருக்கோ நாளைக்குத் தருவதாகச் சிங்களத்தில் சொல்லிவிட்டுத்தான் அம்மாவைப் பார்த்தான். மெலிந்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தங்கம்மா அதைப் பார்த்தாள். ஆனாலும் அவள் கண் அவனைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனது.

"தனியாவா வந்த?"

"பின்ன யாரோட வர?"

"ஷாமிளா எங்க?"

"எந்த ஷாமிளா?"

வெள்ளையம்மாவின் கை துருவலையில் அப்படியே நின்றது. இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த நாலைந்து பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். சுதர்ஷினி ஓடிவந்து அண்ணனின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். சாத்தி என்ன பயன், லயத்துச் சுவர் கூரை வரை போவதில்லை.

"தெனம் போன் பண்ணுதே, அந்தப் புள்ள" என்றாள் தங்கம்மா.

"ஓ, அதுவா!" சுமன் சிரித்துவிட்டான். "அது இணையத்துல புடிச்ச ஆளும்மா. பின்னேரத்துல என் கஸ்டமர்மாருக்கெல்லாம் கோல் எடுக்கிற வேலை. ஒனக்கும் ஒரு கோல் போடச் சொன்னேன். நீ பயந்துக்கிட்டே இருந்தீல்ல?"

"எனக்கும் ஒரு கோலா?"

"மணித்தியாலக் கணக்குக் கூலிதாம்மா. நான் அதப் பாத்ததுகூட இல்ல. ஷாமிளாங்கறதே நான் வச்ச பேரு. எல்லாருக்கும் சொல்ல லேசா இருக்கட்டும்னு வச்சேன். யாரு எடுத்தாலும் ஷாமிளாதான்."

தங்கம்மா அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். அவன் சிரிப்பு தானாக நின்றது.

"நீ என்னான்னு நெனச்ச?"

சுதர்ஷினிதான் சொன்னாள். "மருமகள்னு நெனச்சாங்க. லயம் முழுக்கச் சொல்லிட்டாங்க. மாமின்னு கூப்புடச் சொன்னாங்களாம், அதுவும் கூப்புட்டுச்சாம்."

சுமனுக்கு முகம் சிவந்தது. அம்மாவின் வெட்கத்தைப் பார்க்கச் சகிக்காத ஆண்பிள்ளைகள் சாதாரணமாகச் செய்கிற காரியத்தை அவனும் செய்தான், வேறொருவர் மேல் கோபப்பட்டான். போனை எடுத்து அங்கேயே அழுத்தினான்.

"மாமின்னு கூப்புட ஒங்களுக்கு யாரு சொன்னது? ... அவங்க கேட்டா? அவங்க வயசானவங்க, என்னமும் கேப்பாங்க. ஒங்க வேலை என்னான்னு நான் எழுதிக் குடுத்தேன்ல? ... வேணாம். இன்னையிலருந்து எடுக்க வேணாம். மிச்சக் கூலி வந்து சேரும்."

மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்பது கேட்கவில்லை. சின்னதாக ஒரு சத்தம் மட்டும் கேட்டது. ஆறு மாதமாகக் கேட்ட குரல் அல்லவா, அது அழுகை என்று தங்கம்மாவுக்குத் தெரிந்தது.

"ஏன்டா அந்தப் புள்ளய ஏசுற? கூப்புடச் சொன்னது நானு."

"அதுக்கு ஓர் அளவு இருக்கும்மா."

"ஒங்கப்பாவும் கங்காணிதான். கூலியப் பாதியா வெட்டி அரைப் பேரு போட்டு ஏச்சு வாங்குன கங்காணி. ஆனா அவர் கீழ நின்ன ஒவ்வொரு ஆளு வீட்டுலயும் அடுப்பு எரியுதா இல்லையான்னு அவருக்குத் தெரியும். நீ ஒன் அம்மாவப் பாத்துக்க ஒரு ஆளப் போட்டுட்டு, அதோட பேருகூட என்னான்னு..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கதவைத் திறந்தாள்.

"பொண்ணுக்குக் காய்ச்சலாம்" என்றாள் இஸ்தோப்பைப் பார்த்து. "வர ஏலாமப் போச்சு."

வெள்ளையம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மற்ற பெண்கள் வாயைத் திறப்பதற்கு முன் அவள் திறந்தாள். "ஆமா, ஆமா. காய்ச்சல் பரவுற காலந்தானே. இந்தாடி சுதர்ஷினி, தேங்காயக் கொண்டு போ."

*

படையல் நடந்தது. சுமன் வேட்டி கட்டிக்கொண்டு சூடம் காட்டினான். அந்த நேரம் பார்த்து மடியில் போன் அதிர்ந்தது. அவன் கையை விட்டு அதை அணைத்துப் போட்டான். தங்கம்மா அதைக் கவனித்தாள். தகப்பனுக்கு அவ்வளவாவது செய்தானே என்று மனம் கொஞ்சம் இளகியது.

விழுந்து கும்பிட்டு எழுந்தபோதுதான் வேட்டிக்குப் பக்கத்தில் இருந்த சேலை அவன் கண்ணில் பட்டது.

"இது யாருக்கு?"

அவன் அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான். "அம்மா..." என்றான்.

"சாப்புடு. பஸ்ஸு போயிரும்" என்றாள் அவள்.

பின்னேரம் அண்ணனும் தங்கையும் ஒன்றாகவே புறப்பட்டார்கள். அவனுக்குக் கொழும்பு போக வேண்டும், அவளுக்கு இரத்தினபுரியில் கலவான பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சுதர்ஷினி போகும்போது சேலையை எடுத்துப் பார்த்தாள். "நான் கட்டிக்கிறேனே அம்மா. நானும் வீட்டு ஆளுதானே."

"ஒனக்கு வேற வாங்கித் தர்றேன்."

வளைவு வரைக்கும் தங்கம்மா கூடவே நடந்தாள். பஸ் கீழே முனகிக்கொண்டு ஏறி வருவது கேட்டது.

"இனிமே நீ பேசுவியா?"

"பேசுறேம்மா."

"வெள்ளையம்மா கேட்டா என்னா சொல்றது? லயத்து ஆளுக கேட்டா?"

"அதெல்லாம் நீ யோசிக்காத. நான் பாத்துக்குறேன்."

நான் பாத்துக்குறேன். சுமன் பேசக் கற்ற நாளிலிருந்து சொல்கிற வார்த்தை அது. இன்றைக்கு அவள் அதை நம்பினாள். பெற்ற வயிறு, வேறென்ன செய்யும்?

*

லயத்தில் மலைவேலை முடிந்து வந்த சனம் பீலித் தண்ணீரில் குளித்துக்கொண்டு சத்தமாக இருந்தது. தங்கம்மாவின் காம்பரா மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. மிச்சச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றினாள். இலையைத் தூக்கிப் போட்டாள். கங்காணியின் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றினாள். முழங்கால் பிடித்துக்கொண்டு மலைக்குப் போக முடியாமல் வேலையை விட்டு நின்றதிலிருந்து, பகல் முழுக்க அவளுக்கு ஒரு மனித வார்த்தையும் கிடைப்பதில்லை. இந்த நேரம் ஒன்றுக்காகத்தான் பகல் முழுவதையும் பொறுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

சன்னலோரம், சிக்னல் பிடிக்கிற இடத்தில் வைத்திருந்த போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். பஸ் இப்போது பெல்மதுளையைத் தாண்டியிருக்கும் என்று நினைத்தாள். இரைச்சலாக இருக்கும், இறங்கித்தான் எடுப்பான் என்று நினைத்தாள்.

போன் அடித்தது.

முழங்கால் வலியை மறந்து எழுந்து ஓடினாள். "தம்பி!"

"மாமி, நான் ஷாமிளா பேசுறேன்" என்றது ஒரு குரல்.

அது வேறு குரல். கொஞ்சம் கரகரப்பான, அவசரமான குரல்.

"காய்ச்சல் இப்பப் பரவால்ல மாமி. தெவசத்துக்கு வர ஏலாமப் போச்சு, மன்னிச்சிருங்க. சுமன் பத்திரமாப் போய்க்கிட்டு இருக்காரு. நீங்க சாப்டீங்களா? சீனி வருத்தத்துக்கு மாத்திரை போட்டீங்களா?"

தங்கம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் விளங்கியது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஆள் பிடித்திருக்கிறான். அம்மா லயத்தில் தலை குனியக் கூடாதே என்று, அவள் வாய்க்கு வந்த காய்ச்சல் பொய்யைக்கூட மறக்காமல் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவன் பாசமாகத்தான் செய்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மாமி? கேக்குதா?"

"தங்கம்மா இல்லம்மா" என்றாள் தங்கம்மா. "நான் பக்கத்துக் காம்பரா வெள்ளையம்மா."

"ஓ. அவங்க எங்க போயிருக்காங்க?"

"மகன் பேசுவான்னு காத்துக்கிட்டு இருந்தா. காத்துக் காத்துப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா."

"அப்ப நான் கொஞ்ச நேரம் கழிச்சு எடுக்கட்டுங்களா?"

"வேணாம் கண்ணு. நீயும் நல்ல புள்ளதான். ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல. அவன எடுக்கச் சொல்லு."

போனை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளையம்மா செருமினாள்.

"ஏ தங்கம்மா, எம்பேர்ல யாரு பேசுறது அங்க?"

தங்கம்மாவுக்கு அழுகை பீறிட்டு வந்தது.

"அழுதது போதும்" என்றாள் வெள்ளையம்மா கடைசியில். "அந்தப் பழைய புள்ளக்கி ஒரு கோல் எடேன். காலையில ஒன்னால ஏச்சு வாங்குனது அதுதானே."

தங்கம்மா தானாக அந்த நம்பருக்கு இதுவரை போன் எடுத்ததில்லை. மருமகள் கூப்பிட வேண்டும், மாமியார் எடுத்துப் பேச வேண்டும், முறை அப்படித்தானே என்று இருந்துவிட்டாள். ஆனால் மாலை தவறாமல் போனின் சின்னக் கண்ணாடியில் ஒளிர்ந்த இலக்கங்கள் அவளுக்கு முகம் மாதிரிப் பழகியிருந்தன. வந்த அழைப்புகளைத் தேடுவதைச் சுதர்ஷினி முன்பே காட்டிக் கொடுத்திருந்தாள். தேடி அமுக்கினாள்.

மணி நீளமாகப் போனது. யாரோ எடுத்தார்கள். பின்னால் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம். றக்வானவில் மழை இல்லை.

"அம்மா?" என்றது அந்தக் குரல், பயந்து பயந்து.

"சாப்டியா?" என்றாள் தங்கம்மா.

அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய பெண், யாரும் தன்னிடம் அதைக் கேட்பார்கள் என்று நினைத்திருக்கமாட்டாள் போலும்.

"இல்லம்மா."

"ஏன்?"

"வேலை போச்சு. அதனால இல்ல... வயித்துல எறங்கல. அம்மா, ஒங்கள ஏமாத்தணும்னு நெனக்கல. மாமின்னு கூப்புடச் சொன்னீங்க. ஏலாதுன்னு சொல்ல மனசு வரல. என்னைய யாரும் அப்புடி ஒரு ஒறவு சொல்லிக் கூப்புடச் சொன்னதில்ல."

"இங்க பாரு. ஒனக்குன்னு ஒரு சேல எடுத்து வச்சிருக்கேன். படையல்ல வச்ச சேல. வேற யாருக்கும் குடுக்க ஏலாது."

"ஐயோ, எனக்கு எதுக்கும்மா? நான் ஒங்க வீட்டு ஆளு இல்ல."

"ஆறு மாசமா இந்த வீட்டுல விளக்கு வக்கிற நேரம் இருந்தது நீதான். நான் வேற யாரக் கண்டேன்?" தங்கம்மா மூக்கை உறிஞ்சினாள். "ஆனா ஷாமிளாவுக்குன்னு குடுக்க ஏலாது. கொஞ்சம் முந்தி இன்னொரு ஷாமிளா பேசுனா. நாளைக்கு இன்னொருத்தி பேசுவா. கண்ணு, ஒன் அப்பா அம்மா ஒனக்கு வச்ச பேரு என்னா?"

அந்தப் பக்கம் மழை மட்டும் கேட்டது. தங்கம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். போனை வைக்கவில்லை.